பாதியில் நின்ற கதையும் பாதி நியாயமும்

கணினி விளையாட்டு என்ற சொல்லைக் கேட்ட மாத்திரத்திலே முகம் சுளிக்கும் ஆசிரியப் பெருமக்கள் நம்மிடையே பலர் உளர். அது பொழுதைக் கொல்லும் பேய், படிப்பைக் கெடுக்கும் நஞ்சு என்பது அவர்தம் தீர்ப்பு. ஒரு காலத்தில் நாவலைப் பற்றியும், பின்னர் சினிமாவைப் பற்றியும் இதே தீர்ப்பை இதே குரலில் நம் முன்னோர் வழங்கினர். தீர்ப்புக்கு அஞ்சி நாவலும் ஓடிவிடவில்லை, சினிமாவும் ஓடிவிடவில்லை. அவற்றை எடைபோடும் ஆற்றலை இளைஞருக்கு அளிக்கத் தவறியதே அந்தத் தீர்ப்பின் ஒரே பயன். இன்று மன்னார்த் தீவின் மாணவன் இரவு விழித்து ஆடும் விளையாட்டுக்கும் ஒரு கதை உண்டு. அந்தக் கதைக்கு ஒரு கட்சியும் உண்டு. அது யாருடைய கட்சி என்று கேட்பது நம் கடமை. கேளாது விலகி நிற்பது ஒழுக்கமாகாது. கடமையைத் தட்டிக் கழிப்பதேயாகும்.

கேட்பதற்கு ஏற்ற உதாரணம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். 'டியூஸ் எக்ஸ்' என்பது 2000-ஆம் ஆண்டில் தொடங்கிய ஒரு விளையாட்டுத் தொடர். சைபர்பங்க் எனப்படும் வகையைச் சார்ந்தது. இயந்திர அறிவு வானளாவ உயர்ந்தும் மனித வாழ்வு சேற்றிலே கிடக்கும் ஓர் எதிர்காலத்தைச் சித்திரிப்பது அவ்வகை. ஆடுபவர் ஒரு பாத்திரத்தை ஏற்று, காவலர் கண்ணிற் படாது ஒளிந்து சென்றோ, பூட்டிய கணினிகளுக்குள் புகுந்தோ, பேசி இணங்கவைத்தோ, போரிட்டோ தம் வழியைத் தாமே தேர்ந்துகொள்ளலாம். கனடாவிலுள்ள ஐடோஸ் மொன்றியல் கூடம் 2011-இல் 'ஹியூமன் ரெவலூஷன்' என்ற பாகத்தையும், 2016 ஆகஸ்டில் அதன் தொடர்ச்சியான 'மேன்கைண்ட் டிவைடட்' என்ற பாகத்தையும் ஆக்கிற்று. அவற்றை வெளியிட்டு விற்றது ஜப்பானின் ஸ்கொயர் எனிக்ஸ் நிறுவனம். நாம் பேசப்போவது அந்தத் தொடர்ச்சியைப் பற்றி.

கதை நிகழுமிடம் 2029-ஆம் ஆண்டின் பிராக் நகரம். உடலில் இயந்திர உறுப்புகளைப் பொருத்திக்கொண்டவர் ஒருபுறம், பொருத்தாதவர் மறுபுறம். இரண்டாண்டுகளுக்கு முன், ஒருவன் அனுப்பிய சமிக்ஞையால் உறுப்புப் பொருத்தியோர் தன்னிலை இழந்து அயலாரைத் தாக்கினர், எண்ணற்றோர் மாண்டனர். அன்றுமுதல் அவர்கள் ஒதுக்கப்பட்ட சாதியாயினர். சுரங்க ரெயில் நிலையத்தில் அவர்களுக்கு வேறு வாயில், வேறு இடம். தெருவிலே பொலிசார் மறித்துப் பத்திரம் கேட்கின்றனர். 'கோலெம் நகர்' என்று அழைக்கப்படும் சேரியில் அவர்கள் அடைக்கப்படுகின்றனர். பொருத்திய உறுப்பை உடல் ஏற்பதற்குத் தொடர்ந்து ஒரு மருந்து வேண்டும். அம்மருந்தைத் தன் கையில் வைத்திருப்பதும் ஒரு பெருநிறுவனமே.

இவ்விளையாட்டை ஆடியவர்கள் என்ன சொன்னார்கள்? பிராக் நகரின் தெருக்களையும் மாடிகளையும் அங்கு வாழும் மாந்தரின் சிறு கதைகளையும் பெரும்பாலோர் வாயாரப் புகழ்ந்தனர். ஒருவரையும் கொல்லாமலே கதையை முடிக்க இயலும் என்பதை வரவேற்றனர். குறையும் கூறினர். கதை சூடுபிடிக்கும் வேளையில் அறுந்துவிட்டது என்பது முதற் குறை. முழு விலை பெற்ற பின்னும் ஆட்டத்திற்குள்ளே திறன்களையும் பணத்தையும் காசுக்கு விற்றார்கள் என்பது இரண்டாம் குறை. மூன்றாவதாக ஒரு சாரார், "விளையாட்டில் அரசியல் எதற்கு?" என்றனர்.

என் வகுப்பு மாணவர் சிலரும் இதை ஆடியிருக்கின்றனர். "முடிவு வரமுன்னம் முடிஞ்சு போச்சு, சேர்" என்றான் ஒருவன். "பிழையான பெட்டியிலே ஏறினால் பொலிஸ் மறிக்கும், சேர். எங்கட அப்பா மதவாச்சியிலே பஸ்ஸாலே இறங்கி ஏறின கதை மாதிரி" என்றான் இன்னொருவன். இந்த இரண்டாவது வாக்கியம் உலக ரசிகர்களின் தொகுதியிலே எளிதில் கிட்டாத விமர்சனம். அதன் பொருளுக்குப் பின்னர் வருவோம்.

முதலில் விலைபற்றிய குறைகளை எடுத்துக்கொள்வோம். அவை நியாயமானவை. 2015 ஆகஸ்டில் நிறுவனத்தார் ஒரு திட்டம் வகுத்தனர். விளையாட்டு வெளிவருமுன்னே பணம் கட்டுவோர் தொகை பெருகப் பெருக, படிப்படியாக வெகுமதிகள் திறக்கும். இறுதிப் படியை எட்டினால் நான்கு நாள் முன்னதாகவே ஆட்டம் கைக்கு வரும். மக்களையே தரகராக்கி மக்களிடம் விற்கும் வித்தை இது. ரசிகர் கொதித்தெழுந்தனர். அதே ஆண்டு அக்டோபரில் திட்டம் கைவிடப்பட்டது. முந்திய பாகத்தில் தலைமை எதிரிகளைக் கொன்றே தீரவேண்டும் என்றிருந்த நிர்ப்பந்தத்தைப் பலர் கண்டித்தபடியால், 2013-இல் வந்த திருத்திய பதிப்பிலே அம்மோதல்கள் மாற்றியமைக்கப்பட்டன. தொடர்ச்சியிலோ அந்த நிர்ப்பந்தமே நீங்கிற்று. ஆகவே ஆடுபவரின் அபிப்பிராயம் காற்றோடு போகும் பேச்சன்று. ஒன்றுபட்டுச் சொன்னால் பெருநிறுவனமும் பணிகிறது. இலக்கிய வாசகர் எத்தனை பேர் ஒரு பதிப்பகத்தை இவ்வாறு பணியவைத்திருக்கின்றனர்?

எனினும் அந்த வீரம் கடை வாசலோடு நின்றுவிட்டது. 'கொடுத்த காசுக்குச் சரக்குக் குறைவு' என்பதே அவர்களது முழக்கத்தின் எல்லை. சரக்கு எதனால் ஆனது, யாருடைய துயரை அரைத்துச் செய்தது என்று கேட்டோர் சிலரே. இதுதான் பாதி நியாயம்.

விளம்பரத்தைப் பாருங்கள். விளையாட்டை அறிமுகப்படுத்திய 2015-ஆம் ஆண்டிலே 'இயந்திர அபார்தைட்' என்ற தொடரை நிறுவனத்தார் கூவி விற்றனர். அபார்தைட் என்பது தென்னாபிரிக்க வெள்ளையர் ஆட்சி 1948 முதல் நடத்திய நிறவொதுக்கலின் பெயர். கறுப்பின மக்கள் தம் சொந்த மண்ணில் நடமாடவும் அனுமதிப் புத்தகம் சுமக்க வேண்டியிருந்தது. அதை எதிர்த்து 1960 மார்ச் 21 அன்று ஷார்ப்வில்லில் திரண்ட மக்கள்மீது பொலிசார் சுட்டு 69 பேரைக் கொன்றனர். அந்தச் சொல்லுக்குப் பின்னே அந்தப் பிணங்கள் கிடக்கின்றன. அதைச் சுவரொட்டியில் அச்சிட்டுச் சரக்குக்கு மெருகேற்றலாமா என்று பலர் கேட்டனர். அத்தொடரை உருவாக்கியவர்களில் தாமும் ஒருவர் என்று கறுப்பினத்தைச் சேர்ந்த முன்னாள் வடிவமைப்பாளர் ஒருவர் விடையிறுத்தார். அவரது விடையை மதிக்கிறேன். துன்பத்தைக் கதையாக்கும் உரிமை கலைஞனுக்கு உண்டு. நான் மறுப்பது அதை விலைச்சீட்டாக்கும் உரிமையையே. கலைஞன் சொன்ன சொல் வியாபாரியின் வாய்க்குப் போனதும் பொருள் மாறிவிடுகிறது.

இனி, அரசியல் வேண்டாம் என்பாருக்கு வருவோம். பிரிக்கப்பட்ட ரெயிலும், பத்திரம் கேட்கும் பொலிசும், மதில் சூழ்ந்த சேரியும் உள்ள கதையில் அரசியலை நீக்கினால் மிஞ்சுவது என்ன? கூரைமேல் ஒளிந்து திரியும் கறுப்புச் சட்டைக்காரன் ஒருவன்! 'கலை கலைக்காகவே' என்ற பழைய பல்லவியின் புதிய சுருதியே இது. சோதனைச் சாவடியில் ஒருநாளும் நின்றறியாதவனுக்கு அது வெறும் அலங்காரமாகத் தோன்றலாம். மன்னாரிலிருந்து பேசுவோருக்கு அவ்வாறு தோன்றாது.

நம் கரையை எண்ணிப் பாருங்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் தமிழகத்துத் தொழிலாளர் இந்தக் கரையில் இறங்கிக் காட்டு வழியே மலைநாடு நோக்கி நடந்தனர். வழியிலே மடிந்தோர் பலர். தென்னாபிரிக்காவில் நிறவொதுக்கல் அரியணை ஏறிய அதே 1948-இல், இலங்கையின் பிரசாவுரிமைச் சட்டம் அத்தொழிலாளரின் வழித்தோன்றல்களை நாடற்றோராக்கிற்று. 1964 அக்டோபரில் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பத் தீர்மானித்தது. தேயிலையை வளர்த்த கைகளோடும் கடதாசிக் கட்டுகளோடும் குடும்பங்கள் தலைமன்னார் இறங்குதுறையிலே கப்பலேறின. போர்க் காலத்தில் வவுனியாவில் 'பாஸ்' இன்றித் தங்க இயலவில்லை; மதவாச்சியில் இறங்கி, பொதியை அவிழ்த்துக் காட்டி, அடையாள அட்டையை நீட்டி, வேறு வண்டி ஏறவேண்டியிருந்தது. அந்த மாணவன் தன் தந்தையிடம் கேட்ட கதை இதுவே.

இன்னொன்றையும் மறைக்காமற் சொல்லவேண்டும். கோடு கிழித்தவர் எப்போதும் அயலாராகவே இருக்கவில்லை. 1990 அக்டோபரில் எருக்கலம்பிட்டி உட்பட வடபுலத்து முஸ்லிம் மக்களை வெளியேற்றியவர்கள் தமிழ் மக்களின் பெயரால் ஆயுதம் ஏந்திய விடுதலைப் புலிகள். ஒதுக்கப்பட்டவனும் ஒதுக்கக்கூடும் என்ற கசப்பான பாடம் நமக்கு உண்டு. இந்த அனுபவங்களை உரைகல்லாகக் கொண்டு அவ்விளையாட்டை உரைத்துப் பார்த்தாலன்றோ அதன் மாற்றுத் தெரியும்?

உரைத்துப் பார்த்தால் இரண்டு குற்றங்கள் வெளிப்படுகின்றன. முதலாவது, நாயகன் ஆடம் ஜென்சன் சர்வதேசப் பொலிசின் உளவாளி. தவறான வாயிலில் நுழைந்தால் அவனும் மறிக்கப்படுகிறான், பத்திரத்தைக் காட்டுகிறான், சில நொடிகளில் பயணம் தொடர்கிறது. அவமானம் அவனுக்கு ஒரு தாமதம் மட்டுமே. எந்த மதிலும் அவனைத் தடுப்பதில்லை. சேரியில் வாழ்பவனாக ஆடும் வாய்ப்பு நமக்கில்லை. சேரியைப் பார்வையிட்டுத் திரும்பும் வாய்ப்பே உண்டு.

இரண்டாவது குற்றம் இதனினும் கொடிது. இக்கதையில் ஒதுக்கப்பட்டோர் மெய்யாகவே ஒருநாள் அயலாரைக் கொன்றவர்கள். அது அவர்கள் பிழையன்று. ஆயினும் நகரத்தாரின் அச்சத்துக்கு அது ஒரு காரணத்தைத் தந்துவிடுகிறது. ஷார்ப்வில்லில் சுடப்பட்டவர் யாரைக் கொன்றனர்? தலைமன்னாரில் கப்பலேறிய தோட்டத் தொழிலாளி எந்த நகரத்தை அழித்தான்? எருக்கலம்பிட்டி மக்கள் இழைத்த தீங்கு யாது? வரலாற்றில் ஒடுக்குமுறை அச்சத்திலிருந்து பிறப்பதில்லை. நிலமும் உழைப்பும் வாக்கும் அதிகாரமும் வேண்டியே அது பிறக்கிறது. அச்சம் பின்னர் தயாரிக்கப்படுகிறது. அந்த உண்மையைத் தலைகீழாக்கிய கதை, ஒடுக்கப்பட்டோர்மீது இரக்கம் காட்டிக்கொண்டே ஒடுக்குவோனுக்குச் சாட்சி சொல்கிறது. ஆகையால் அக்கதையில் அரசியல் மிகுந்துவிட்டது என்ற குற்றச்சாட்டு பொருந்தாது. வேர் அறுபட்ட அரசியல் அது என்பதே சரியான குற்றச்சாட்டு.

இப்போது விலைபற்றிய குறையையும் இந்தக் குறையையும் அருகருகே வைத்துப் பாருங்கள், நண்பர்களே. இரண்டும் ஒன்றே. மக்களின் வரலாற்றுத் துயரை விளம்பர வாசகமாக வெட்டி விற்ற அதே கை, கதையையும் துண்டு துண்டாக விற்றது. கூடுதற் கதைகள் இரண்டு 2016-லும் 2017-லும் தனி விலைக்கு வந்தன. அதே கை அந்தக் கதையை ஆக்கிய கூடத்தையும் விற்றது. 2022-இல் ஸ்கொயர் எனிக்ஸ் அக்கூடத்தையும் வேறு சில கூடங்களையும் சேர்த்து முப்பது கோடி டொலருக்குச் சுவீடனின் எம்பிரேசர் குழுமத்திடம் ஒப்படைக்க உடன்பட்டது. 2024 ஜனவரியில் ஐடோஸ் மொன்றியலில் 97 தொழிலாளர் வேலை இழந்தனர். இரண்டாண்டாக உருவாகிவந்த புதிய டியூஸ் எக்ஸ் விளையாட்டும் கைவிடப்பட்டதாகச் செய்தி வந்தது. பாதியில் நின்ற கதை இன்றுவரை பாதியிலேயே நிற்கிறது. எழுத்தாளனின் கற்பனை வற்றியதாலா அது நின்றது? கணக்கேடு நிறுத்திற்று. ஆடுபவன், ஆக்கியவன், யாருடைய துயர் கதையாயிற்றோ அவன் — மூவரும் ஒரே கணக்கேட்டின் மூன்று வரிகள்.

இதை ஆடுபவர் உணர்ந்தால் அவர்தம் அபிப்பிராயத்துக்கு இருக்கும் வலிமை பன்மடங்காகும். முன்பணத் திட்டத்தைக் கைவிடச் செய்தவர்களால் வேலை இழந்த தொழிலாளருக்காகக் குரல் கொடுக்கவும் முடியும்; வேருள்ள கதையைக் கேட்டு வாங்கவும் முடியும்.

ஆசிரியத் தோழர்களே, தடைவிதிக்கும் பிரம்பைக் கீழே வையுங்கள். ஒரு பாடவேளையில் மாணவனிடம் அவன் ஆடிய விளையாட்டைப் பற்றிக் கேளுங்கள். மதிலைக் கட்டியவன் யார், அதனால் இலாபமடைபவன் யார், அதைத் தடையின்றிக் கடப்பவன் யார் என்ற மூன்று வினாக்களைக் கொடுங்கள். சிலப்பதிகாரத்தில் மதுரையின் காவலரை எடைபோடக் கற்றுக்கொடுத்த நமக்கு, பிராக் நகரத்துக் காவலரை எடைபோடக் கற்றுக்கொடுப்பது அரிதன்று. மாணவத் தோழர்களே, உங்கள் அபிப்பிராயத்தைத் தமிழில் எழுதுங்கள். காசுக்கு ஏற்ற சரக்கா என்பதோடு நில்லாதீர்கள். மதவாச்சியை அறிந்த வீட்டிலிருந்து வரும் விமர்சனம் உலகத்துக்குத் தேவைப்படுகிறது. அதை உங்களையன்றி வேறெவரும் எழுதப்போவதில்லை.