20,000 ரூபாய்க்குள்ள ஒரு லேப்டாப்

சித்தப்பா போன் பண்ணினார். "நீதான் பொட்டி தட்டுறவனாச்சே, பாப்பா காலேஜ் போறா, 20,000 ரூபாய்க்குள்ள ஒரு லேப்டாப் சொல்லுடா." நெல்லு வித்த காசு. தப்பா சொன்னா அடுத்த பொங்கலுக்கு உத்திரமேரூர் பக்கம் தலைகாட்ட முடியாது :-)

எங்க ஊர் கல்வெட்டுல இருக்கிற குடவோலை முறை தெரியும்ல? தகுதியில்லாதவன் பேர் ஓலையிலேயே ஏறாது. லேப்டாப்புக்கும் அதான் சரி.

நான் முதல்ல கழிக்கிறது 4 ஜிபி ரேம், 64 ஜிபி இஎம்எம்சி போட்ட புத்தம்புது பொட்டியை. பார்க்க பளபளன்னு இருக்கும். ஆனா அந்த இஎம்எம்சி போர்டோட சேர்த்துப் பத்த வெச்சது, பல மாடல்ல ரேமும் அப்படித்தான். விண்டோஸ் 11 கேக்குற குறைஞ்சபட்ச அளவே இதுதான். இடம் ரொம்பினா கழட்டி மாத்த வழியே இல்ல.

2011ல ஆரம்பிச்ச அரசு இலவச லேப்டாப் திட்டத்துல ப்ளஸ் டூ படிக்கும்போது எனக்கும் ஒண்ணு கிடைச்சுது. ஹார்ட் டிஸ்க்கைக் கழட்டிட்டு எஸ்எஸ்டி மாட்டி, லினக்ஸ் போட்டு, இன்ஜினியரிங் நாலு வருஷத்தையும் அதுலயே ஓட்டினேன்.

அதனால என் ஓட்டு, கம்பெனிகள்ல ஓடி வெளிய வர்ற பழைய திங்க்பேட், லேட்டிட்யூட் வகைக்குத்தான். 8 ஜிபி ரேம், எஸ்எஸ்டி, இன்டெல்னா எட்டாம் தலைமுறைக்குக் கீழ வேண்டாம் (விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபரோட ஆதரவு முடிஞ்சுது, 11 அதுக்குக் கீழ அதிகாரபூர்வமா ஏறாது). பேட்டரி மட்டும் நோஞ்சானா இருக்கும். கரண்ட் போற ஊர்ல அது பெரிய விஷயம், புதுசு மாத்த தனியா காசு எடுத்து வைக்கணும். பில்லும் வாரன்ட்டியும் தராத கடைன்னா திரும்பி வந்துடணும்.

"பழசாடா?"ன்னு இழுத்தார் சித்தப்பா. "நீங்க டிராக்டரை செகண்ட் ஹேண்ட்ல வாங்கலையா?"ன்னேன்.

போன் சித்தி கைக்குப் போயிடுச்சு.