பத்துச் செயலிகளின் பட்டியலும் பறிபோன தமிழும்

"இந்த வாரம் நீங்கள் பயன்படுத்திப் பார்க்கவேண்டிய 10 செயலிகள்" என்ற வகைப் பதிவுகள் நாள்தோறும் என் கண்ணில் பட்டுக்கொண்டிருக்கின்றன. குறிப்பெடுக்க ஒன்று, படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்க ஒன்று, பொழுதுபோக்கச் சொல் விளையாட்டு ஒன்று, புதிதாய்ப் பிறந்த சமூக ஊடகம் ஒன்று. எல்லாவற்றின் முடிவிலும் "முற்றிலும் இலவசம், தமிழிலும் இயங்கும்" என்ற வரி தவறாமல் இருக்கும். இவற்றை எழுதுவோர் பெரும்பாலும் நல்லெண்ணம் கொண்டவர்கள். என் நண்பர்கள் சிலரும் அவர்களுள் உண்டு. ஆயினும் சொல்லவேண்டியதைச் சொல்லித்தான் ஆகவேண்டும்: இப்பட்டியல்கள் தமிழுக்குத் தீங்கு செய்கின்றன. காரணங்களைக் கீழே முன்வைக்கிறேன். பதிவு நீளமானது, பொறுத்தருள்க.

நான் வசிப்பது கொல்கத்தாவின் பெஹாலாவில், டயமண்ட் ஹார்பர் சாலையிலிருந்து சற்று உள்ளே, ஒரு பழைய வீட்டின் மாடியில். கீழ்வீட்டுக்காரரை நான் 'தாதா' என்று அழைக்கிறேன். வங்கத்தில் அண்ணனுக்கு அதுவே சொல். தமிழில் அச்சொல் பெற்றுவிட்ட பொருளை முதல் வாரமே அவரிடம் சொன்னேன். இன்றுவரை அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார். மென்பொருள் என்றால் அவருக்கு உயிர். மாலையில் ஒரு கையில் தேநீர் நிறைந்த மண்குவளையும் மறுகையில் கைப்பேசியுமாக நின்று அன்றைய கண்டெடுப்பைக் காட்டுவார். அவர் காட்டிய ஒரு குறிப்பேட்டுச் செயலியில்தான், இந்நகரில் தலைமுறைகளாக வாழும் தமிழ்க் குடும்பங்களின் பேச்சைப் பற்றிய என் முதலாண்டுக் களக்குறிப்புகள் அனைத்தையும் எழுதிவந்தேன். ஒருநாள் அச்சேவையை நிறுத்தப்போவதாக மின்னஞ்சல் வந்திருக்கிறது. வேண்டாத மடல்களுக்கிடையே கிடந்த அதை நான் கண்டபோது கெடு கடந்துவிட்டிருந்தது. ஒலிப்பதிவுகள் என் வன்தட்டில் இருந்ததால் ஆய்வு பிழைத்தது. அவற்றை முதன்முறை கேட்டபோது எழுதிவைத்த ஐயங்களும் ஊகங்களும் போயின.

என் இழப்பு சிறியது. என் கவனக்குறைவும் அதில் பங்குடையது. ஆனால் அதன் பிறகு நான் தேடித் தொகுத்த பட்டியல் என் உறக்கத்தைக் கெடுத்தது. தமிழர் இணையத்தில் எழுதத் தொடங்கிய முதல் பத்துப் பதினைந்து ஆண்டுகளின் உரைநடையில் கணிசமான பகுதி எங்கே இருந்தது? யாஹூ குழுமங்களில் இருந்தது. மரத்தடி, ராயர் காப்பி கிளப், அகத்தியர் போன்ற குழுமங்களை இப்போது நாற்பதைக் கடந்தவர்கள் நினைவுகூர்வார்கள். பின்னாளில் நூல்கள் எழுதிப் பெயர்பெற்ற பலர் அங்கேதான் எழுதிப் பழகினர். இலக்கணச் சண்டைகளும், வட்டார வழக்கைக் கொண்டாடிய கதைகளும், புலம்பெயர்ந்தோரின் ஏக்கமும் அங்கே குவிந்தன. 2019 அக்டோபரில் யாஹூ அறிவிப்பு வெளியிட்டது. சேர்ந்திருந்த மடல்கள் அகற்றப்பட்டன. 2020 டிசம்பர் 15 அன்று சேவை முற்றாக மூடப்பட்டது. ஆர்குட் 2014 செப்டம்பர் 30 அன்று மூடப்பட்டது. ஜியோசிட்டீசின் இலவச மனைகளில் கட்டப்பட்ட முகப்புப் பக்கங்கள் 2009 அக்டோபரிலேயே போய்விட்டன. கூகுள் பிளஸ் 2019 ஏப்ரலில் பொதுமக்களுக்கு மூடப்பட்டது. இந்திய மொழிகளுக்கென்றே பிறந்ததாகப் பறைசாற்றப்பட்ட 'கூ' 2024 ஜூலையில் தன் முடிவை அறிவித்தது. இவை ஒவ்வொன்றும் ஒரு காலத்தில் யாரோ ஓர் ஆர்வலரின் "அவசியம் பயன்படுத்துங்கள்" பட்டியலில் இருந்தவை. "இதில் எழுதியதை வெளியே எடுப்பது எப்படி?" என்று விளக்கிய பட்டியல் எதையும் நான் கண்டதில்லை.

இவ்விடத்தில் வழக்கமாக மூன்று மறுப்புகள் எழும்.

முதலாவது: "அரட்டைதானே, போனால் போகட்டும், இலக்கியம் அச்சில் இருக்கிறது." மொழியியல் பயின்ற எவரும் இதை ஏற்கமாட்டார். கீழடிப் பானையோடுகளில் நாம் போற்றிப் படிப்பது எதை? ஆதன், குவிரன் என்று யாரோ தம் பாண்டத்தின்மேல் கீறிவைத்த பெயர்களை. சோழர் காலக் கல்வெட்டுகளில் நாம் தேடிப் படிப்பது எதை? விளக்கெரிக்க விடப்பட்ட ஆடுகளின் எண்ணிக்கையை, நெல்லின் அளவை, நிலத்தின் எல்லையை. புலவர் மொழியைப் படியெடுத்துக் காக்க எந்தக் காலத்திலும் ஆள் இருந்திருக்கிறார்கள். அன்றாட மொழி கல்லும் மண்ணும் காத்த அளவே நமக்குக் கிடைத்தது. பேச்சுக்கும் எழுத்துக்கும் இடைப்பட்ட ஒரு தமிழை இலட்சக்கணக்கானோர் தம் கைப்பட எழுதியது வரலாற்றிலேயே இணையக் காலத்தில்தான். தலைமுறைக்குள் ஒரு மொழி எப்படி மாறுகிறது என்பதை நாள் குறித்துக் காட்டக்கூடிய சான்று அது. அதைத்தான் 'அரட்டை' என்று தள்ளுகிறோம்.

இரண்டாவது: "இணைய ஆவணகம் எல்லாவற்றையும் சேமிக்கிறதே." 1996 முதல் அந்நிறுவனம் ஆற்றிவரும் பணிக்குத் தலைவணங்குகிறேன். ஆனால் பொதுவில் திறந்திருக்கும் பக்கங்களைத்தான் அதன் நிரல்கள் எளிதில் படியெடுக்கும். உறுப்பினர் மட்டுமே படிக்கக்கூடிய குழுமத்துக்குள் அவை நுழைவதில்லை. யாஹூ குழுமங்களைக் காக்கத் தன்னார்வலர்கள் கடைசி வாரங்களில் பாடுபட்டும் கைக்கு எட்டியது ஒரு பகுதியே. தப்பியவற்றிலும் தமிழுக்கென்று ஒரு தனித் துயரம் உண்டு. ஒருங்குறி பரவுவதற்கு முன் ஒருவர் திஸ்கியில் எழுதினார், மற்றொருவர் 1999 தமிழிணைய மாநாட்டையொட்டித் தமிழக அரசு ஏற்ற தாம், தாப் குறியேற்றங்களில் எழுதினார், நாளிதழ்களும் வார இதழ்களும் தத்தமக்கென எழுத்துருக்கள் வைத்திருந்தன. அப்பக்கங்களை இன்று திறந்தால் ஐரோப்பிய எழுத்துகளின் குவியலே தெரியும். எந்தக் குறியேற்றம் என்று அறிந்து மாற்றினாலன்றி அதற்குள் தமிழ் இருப்பதே தெரியாது. எந்தத் தேடுபொறிக்கும் அது அகப்படாது. தமிழக அரசு ஒருங்குறியை முறையாக ஏற்றதே 2010-இல்தான்.

மூன்றாவது மறுப்பு தாதா எழுப்பியது; மூன்றனுள் வலியது. "ஆர்வலர்களைக் குறைசொல்கிறாயே, மெஹ்தி ஹசன் கான் யார்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. வங்கதேசத்தின் மைமன்சிங்கில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்த அந்த இளைஞர் 2003-இல் அப்ரோ விசைப்பலகையை வெளியிட்டார். எல்லைக்கு இருபுறமும் வங்காளிகள் பலர் கணினியில் தம் மொழியை எழுதியது அதனால். 2025-இல் அவருக்கும் அவர் குழுவினருக்கும் வங்கதேச அரசு ஏகுஷே பதக்கம் வழங்கியது. தமிழிலும் அத்தகையோர் உண்டு. மலேசியாவில் முத்து நெடுமாறன் 1985-லேயே முரசு அஞ்சலைத் தொடங்கினார். முகுந்தராஜின் எ-கலப்பையால் உழுதவர்கள் நம்முள் எத்தனை பேர்! சுவிட்சர்லாந்திலிருந்து கு. கல்யாணசுந்தரம் 1998 பொங்கலன்று மதுரைத் திட்டத்தைத் தொடங்கினார். இவர்களும் தொழில்நுட்ப ஆர்வலர்களே. இவர்கள் இல்லையேல் இப்பதிவும் இல்லை.

ஆனால் தாதாவின் கேள்வியே என் வாதத்துக்கு வலுச்சேர்க்கிறது. அப்ரோவில் எழுதிய வங்காளம் எழுதியவரின் கணினியில், அவருக்கே உரிய கோப்பாக, ஒருங்குறியில் இருந்தது. அப்ரோ நாளையே நின்றாலும் எழுத்து அழியாது. மதுரைத் திட்டம் திஸ்கியில் தொடங்கியது. ஒருங்குறி வந்ததும் அதற்கு மாறியது. கோப்புகள் கையில் இருந்ததால் மாற்ற முடிந்தது. 2003-இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவின் உள்ளடக்கம் முழுவதையும் இன்றிரவே எவரும் தரவிறக்கிக்கொள்ளலாம். 2005 முதல் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் மின்வடிவில் காத்துவரும் நூலகத் திட்டமும் இவ்வழியில் வந்ததே. இவர்கள் கருவியைச் செய்து நம் கையில் கொடுத்தவர்கள். பட்டியலிடும் ஆர்வலரோ நம் எழுத்தை அயலார் வீட்டில் கொண்டுபோய் வைக்கச் சொல்கிறார். அங்கே வாடகை இல்லை என்று மகிழ்கிறார். வெளியேற்ற அறிவிப்பு வந்தால் என்ன செய்வது என்று சொல்வதில்லை.

விளையாட்டிலும் இந்த வேறுபாடு உண்டு. 2021-இல் உலகைப் பிடித்தாட்டிய வேர்டில் என்னும் சொல் விளையாட்டை 2022 தொடக்கத்தில் நியூயார்க் டைம்ஸ் வாங்கியது. சொற்பட்டியல் உட்பட ஆட்டம் முழுவதும் உலாவிக்குள்ளேயே இயங்கியதால், பலர் அப்பக்கத்தைச் சேமித்துவைத்துக்கொண்டனர். வழிமறிக்க எவராலும் இயலவில்லை. பொழுதுபோக்கைக்கூட இப்படிக் கட்டலாம்.

"தமிழிலும் இயங்கும்" என்ற வரிக்கு வருகிறேன். அதை எழுதுவோர் சோதித்துப் பார்த்தார்களா? 'தமிழ்' என்ற சொல்லில் எழுத்து எத்தனை என்று ஒன்றாம் வகுப்புக் குழந்தையைக் கேட்டால் மூன்று என்னும். ஒருங்குறியில் அது ஐந்து குறிகள்: த, ம, இகரக் கொம்பு, ழ, புள்ளி. இதை அறியாத செயலி எழுத்தை ஐந்தென்று எண்ணும்; வரியை மடக்கும்போது கொம்பைத் தனியே தொங்கவிடும். 'கொ' என்பதன் ஒகரக் குறியை ஒரே குறியாகவும் உள்ளிடலாம். ஒற்றைக் கொம்பும் காலுமாக இரு குறிகளாகவும் உள்ளிடலாம். திரையில் இரண்டும் ஒன்றே. இரண்டையும் சமமாகக் கருதாத செயலியில் நீங்கள் எழுதிய 'கொற்றவை' உங்கள் தேடலுக்கே கிடைக்காமல் போகக்கூடும். படத்திலிருந்து எழுத்தைப் பிரிக்கும் செயலிகளில் பழைய றா, ணா, னை, லை வடிவங்கள் கொண்ட ஒரு பக்கத்தைக் கொடுத்துப் பாருங்கள். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய நூல்களை மின்வடிவாக்க முனைவோருக்கு இதுவே முதற்சோதனை. செயலியின் பட்டிகளில் நாலு தமிழ்ச் சொற்கள் தெரிவதைத் 'தமிழ் ஆதரவு' என்று எழுதுவது, வாசலில் கோலம் இருப்பதைப் பார்த்து உள்ளே விருந்து உண்டு என்று சொல்வதைப் போன்றது.

ஆகவே பட்டியலிடும் நண்பர்களுக்கு என் வேண்டுகோள் இது. அடுத்த முறை ஒரு செயலியைப் பரிந்துரைக்குமுன் மூன்றைச் சோதித்து, முடிவையும் பதிவிலேயே எழுதுங்கள். எழுதியது அனைத்தையும் ஒரே கோப்பாக வெளியே எடுக்க முடிகிறதா? எடுத்த கோப்பு வேறொரு சாதாரணத் தொகுப்பானில் பிழையின்றித் தமிழாகத் திறக்கிறதா? அச்செயலியை நடத்துவோருக்கு வருவாய் எங்கிருந்து வருகிறது? மூன்றாவதற்கு விடை கிடைக்காவிட்டால், அச்சேவை எவ்வளவு காலம் நிற்கும் என்பதற்கும் விடை இல்லை என்று பொருள்.

வாசிப்போருக்கு ஒன்று. இந்தத் தளமும் ஒருநாள் மூடப்படும். அமைப்புகளுக்குள் சென்று உங்கள் பதிவுகள் அனைத்தையும் தரவிறக்கும் வசதியைத் தேடுங்கள், இன்றே செய்யுங்கள். யாஹூ குழுமங்களின் மடல்கள் எவரது பழைய கணினியிலாவது, மின்னஞ்சல் பெட்டியிலாவது, குறுவட்டிலாவது எஞ்சியிருந்தால், எழுதியவர்களின் இசைவைப் பெற்றுப் பாதுகாக்க வழிசெய்யுங்கள். எந்தக் குறியேற்றம் என்று தெரியாவிட்டாலும் அழித்துவிடாதீர்கள். மாற்றித்தர ஆள் இருக்கிறார்கள். நானும் அவர்களுள் ஒருவன்.

நேற்று மாலை தாதா புதிதாக ஒரு செயலியைக் காட்டினார். காட்டிமுடித்தபின், நான் கேட்பதற்குமுன், தாமே ஏற்றுமதிப் பொத்தானைத் தேடத் தொடங்கினார். தேநீர் ஆறும்வரை தேடினார். கிடைக்கவில்லை. செயலியை நீக்கிவிட்டார்.