காற்றுக்கும் மூணு குவளை

வடசென்னையில் காற்று பற்றி ஒரு கூட்டம். அதிகாரி ஒருத்தர் திரையில் ஒரு கோடு காட்டினார். இடது கோடியில் உசரமாக ஆரம்பித்து வலது பக்கம் சரிந்து வருகிற கோடு. மணலி, திருவொற்றியூர், கத்திவாக்கம் என்று மூணு இடத்தின் முப்பது வருஷத் தூசி அந்த ஒற்றைக் கோட்டில் அடக்கம். "நீண்டகாலப் போக்கு இறங்குமுகமாக உள்ளது" என்று வாசித்தார். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த எண்ணூர் அம்மா சொன்னது: "இறங்குது. எங்க நெஞ்சுல இறங்குது." பின்வரிசையில் சிரிப்பு. மேடையில் யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

அந்தக் கோடு பொய் என்று நான் சொல்ல வரவில்லை. அது யார் வீட்டு அளவுகோலால் போட்ட கோடு என்று கேட்க வருகிறேன்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். தேசியக் கண்காணிப்புத் திட்டத்தில் காற்றை அளப்பது வாரத்துக்கு ரெண்டு நாள். வருஷத்துக்கு 104. மிச்சமிருக்கிற 261 நாளும் நாம் மூச்சை நிறுத்திக்கொண்டா இருந்தோம்? அளந்த பொருளும் ஒன்றல்ல. ஆரம்பத்தில் மிதக்கும் தூசி மொத்தத்தையும் அளந்தார்கள். பிறகு பி.எம். 10. நுரையீரலின் அடி வரைக்கும் போய் ரத்தத்தில் கலக்கிற பி.எம். 2.5 தேசிய நெறிமுறைக்குள் வந்ததே 2009 நவம்பரில். அதற்கு முன்னால் அதற்கு வரம்பும் இல்லை, வழக்கும் இல்லை. மரக்காலில் தொடங்கி ஆழாக்கில் முடித்துவிட்டு, அளவு குறைந்துவிட்டது என்கிறார்கள்.

அடுத்தது சராசரி. ஒரு ராத்திரியில் ஒரு மணி நேரம் பி.எம். 2.5 கனமீட்டருக்கு 700 மைக்ரோகிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மற்ற 23 மணி நேரமும் 30. கூட்டி 24ஆல் வகுத்தால் 58. நாள் வரம்பு 60. ஆக அன்றைக்குக் காற்று சுத்தம்! அந்த ஒரு மணி நேரத்தில் இழுப்பு வந்து ஆட்டோ தேடி ஓடின குழந்தை சராசரிக்குள் கரைந்து போகும். 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் எண்ணூரில் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்தது. பெரியகுப்பம், சின்னக்குப்பம் சனங்கள் கண்ணும் தொண்டையும் எரிய, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ஓடினார்கள். அதிகாரி காட்டினது தூசிக்கோடு. அதில் அந்த ராத்திரிக்கு ஒரு புள்ளி கூடக் கிடையாது.

இதெல்லாம் கணக்குப் பிழை, திருத்திவிடலாம் என்று நல்லவர்கள் சொல்லக்கூடும். சரி, சட்டத்துக்கு வருவோம். 1994ல் மத்திய அரசு போட்ட நெறிமுறையில் மிதக்கும் தூசிக்கு ஆண்டு வரம்பு ஒன்றல்ல, மூன்று. நுண்ணுணர்வுப் பகுதிக்கு 70. குடியிருப்புப் பகுதிக்கு 140. தொழிற்பகுதிக்கு 360. அதாவது தொழிற்பேட்டைச் சுவரை ஒட்டிக் குடியிருக்கிறவன், குடியிருப்புப் பகுதி என்று பேர் வாங்கின இடத்துக்காரனைவிட ரெண்டரை மடங்குக்கு மேல் தூசி தின்னலாம். சட்டப்படி அது மாசு ஆகாது. மனுஷ நுரையீரல் எல்லா இடத்திலும் ஒரே சதைதான் என்பது 1994ல் விஞ்ஞானிகளுக்குத் தெரியாதா? தெரியும். இருந்தும் பதினைந்து வருஷம் இந்தச் சட்டம் இருந்தது. 2009ல் தூசிக்கு ஒரே வரம்பு ஆக்கினார்கள். ஆனால் கந்தக டை ஆக்சைடுக்கு இன்றைக்கும் ரெண்டு: மத்திய அரசு அறிவிக்கிற நுண்ணுணர்வுப் பகுதிக்கு ஆண்டு வரம்பு 20, மற்றவர்களுக்கு 50. மூணு குவளை ரெண்டு குவளையாகியிருக்கிறது. நமக்குப் பழகின ஏற்பாடுதான்.

எங்க ஊர் திண்டிவனம் பக்கம். சேரி, ஊருக்குக் கிழக்கே. ஆடியில் மேல்காற்று அடித்தால் ஊர்க் குப்பைமேட்டுப் புழுதியும் சுடுகாட்டுப் புகையும் நேரே எங்கள் சோத்துப் பானையில் வந்து விழும். எங்கள் காற்று ஊர்மேல் படக்கூடாது. ஊர்க்காற்று எங்கள்மேல் படலாம். இதை எந்த நகரமைப்பு நிபுணரும் படம் வரைந்து கொடுக்கவில்லை. ஆங்கிலத்தில் தீட்டுக்கும் மாசுக்கும் பொல்யூஷன் என்று ஒரே சொல்தான். எம்.ஏ. படிக்கும்போது இது மொழியின் விளையாட்டு என்று நினைத்தேன். வடசென்னைக்கு வந்த பிறகு அப்படி நினைக்க முடியவில்லை.

கோடு இறங்கியதற்கு அதிகாரி சொன்ன காரணம்: பழைய எண்ணூர் அனல்மின் நிலையம் 2017ல் மூடப்பட்டது. உண்மை. அது 450 மெகாவாட். 2012க்குப் பிறகு அதே வட்டாரத்தில் வந்ததை அவர் சொல்லவில்லை. வல்லூரில் 1500, வடசென்னை இரண்டாம் நிலையில் 1200, மூன்றாம் நிலையில் 800. ஆக 450 போய் 3500 வந்திருக்கிறது. அனல்மின் நிலையங்கள் கந்தகப் புகையைக் குறைக்க வேண்டும் என்று 2015 டிசம்பரில் விதி போட்டார்கள். ரெண்டு வருஷக் கெடு. கெடுவை நீட்டினார்கள், மறுபடி நீட்டினார்கள், 2025 ஜூலையில் நாட்டின் பெரும்பாலான நிலையங்களுக்கு அந்தக் கருவியே வேண்டாம் என்று விலக்கும் கொடுத்தாயிற்று.

செப்பாக்கம் என்று ஒரு ஊர். வடசென்னை அனல்மின் நிலையத்தின் சாம்பல் குளத்தை ஒட்டிய தலித் குடியிருப்பு. மழையில் சாம்பல் தண்ணீர், வெயிலில் சாம்பல் காற்று. துணி காயப்போட்டால் துவைத்ததற்கு அடையாளம் இருக்காது. அந்த முப்பது வருஷக் கோட்டில் செப்பாக்கம் இல்லை.

இங்கே தோழர்கள் சிலர் குறுக்கிடுகிறார்கள். காற்றுக்கு ஏது சாதி, எண்ணூரில் மீனவரும் இருக்கிறார்களே, எல்லாரும்தானே சுவாசிக்கிறோம் என்று. மீனவர்கள் தலித் அல்ல, தெரியும். அவர்களையும் அந்த மூன்றாவது குவளைக்குத்தான் தள்ளியிருக்கிறார்கள். அதனால் அவர்களோடு சேர்ந்து நிற்கிறோம். ஆனால் 'எல்லாரும்' என்று சொல்லி இந்தப் பேச்சை முடிக்க முயலுகிற ஆள் எந்தப் பேட்டையிலிருந்து வருகிறார் என்று நான் கேட்பேன். தாஜ்மகாலின் பளிங்கு மஞ்சளாகிறது என்று 1996ல் உச்ச நீதிமன்றம் கரி எரிக்கும் ஆலைகளை எரிவாயுவுக்கு மாறு, இல்லையென்றால் இடத்தைக் காலி செய் என்றது. நல்ல தீர்ப்பு. கல்லுக்குக் கிடைத்தது.

இன்னொரு கேள்வி நிஜமாகவே கஷ்டமானது. கரி தள்ளுவதும் சாம்பல் அள்ளுவதும் நம்ம பையன்கள்தான், ஒப்பந்தக் கூலி. ஆலை நின்றால் அவன் அடுப்பும் நிற்கும். ஆலையை மூடு என்று சுவரில் எழுதுகிற பசுமை நண்பர்கள் இந்த இடத்தில் சீக்கிரம் கடந்து போய்விடுகிறார்கள். எனக்கும் முழுப் பதில் கிடையாது. அந்த எண்ணூர் அம்மாவிடம் கேட்டேன். "கம்பெனிய மூடச் சொல்லல கண்ணு. லாரிய மூடச் சொல்றேன். கரி லோடு மேல தார்ப்பாய் போட இன்னா செலவு ஆயிடும் அவனுக்கு?" என்றது. அதன் மகன் அந்த லாரியில்தான் கிளீனர்.

ஒரு குளிர்காலம் முழுவதற்கும் மணிவாரி அளவுகள் வேண்டும் என்று தகவல் உரிமைச் சட்டத்தில் எழுதிக் கேட்டேன். பதில் வந்தது: ஆண்டுச் சராசரி, ஒரு வரி. அதை நகலெடுத்து எங்கள் காலனி டீக்கடைச் சுவரில் ஒட்டியிருக்கிறோம். பக்கத்தில் ஒரு நோட்டு, கயிற்றில் கட்டின பேனா. நாத்தம் வந்தால், இருமல் வந்தால், யார் வேண்டுமானாலும் தேதியும் மணியும் எழுதலாம். எழுதத் தெரியாதவர்களுக்கு டீக்கடைக்காரர் பொண்ணு எழுதுகிறது, எட்டாங்கிளாஸ். முதல் பக்கம் ஒரு வாரத்தில் நிறைந்துவிட்டது. ஒன்று தவிர எல்லாம் ராத்திரி பத்து மணிக்கு மேல்.