மஞ்சள் விளக்கின் மொழி யாருக்குச் சொந்தம்?

பன்னிரண்டு, பதின்மூன்று ஆண்டு ஓடிய ஒரு பெட்ரோல் காரின் டேஷ்போர்டில், என்ஜின் வடிவிலான மஞ்சள் விளக்கு ஒருநாள் எரியத் தொடங்குகிறது. கார் நின்றுவிடுவதில்லை, வழக்கம்போல் ஓடுகிறது. பெட்ரோல் மட்டும் சற்றுக் கூடுதலாகச் செலவாகிறது. இந்திய நடுத்தரக் குடும்பங்களில் இந்த விளக்குக்குப் பொதுவாக மூன்று மறுமொழிகள் உண்டு. கண்டுகொள்ளாமல் விடுவது முதலாவது. நிறுவனத்தின் சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோய், அங்கே சொல்லப்படும் தொகையைக் கட்டுவது இரண்டாவது. 'இனி இந்த வண்டி தேறாது' என்று வந்த விலைக்கு விற்றுவிடுவது மூன்றாவது. பழுதான சென்சாரை உரிமையாளரே வீட்டு வாசலில் மாற்றிக்கொள்ளும் நான்காவது வழியும் இருக்கிறது. சிக்கனக்காரர்களின் பொழுதுபோக்கு என்று அது ஒதுக்கப்படுகிறது. ஆனால் நுகர்வோர் உரிமை, காற்றின் தூய்மை, சிறு பட்டறைகளின் வாழ்வு ஆகிய மூன்று பொது விவகாரங்கள் அந்தச் சிறு வேலைக்குள் அடங்கியிருக்கின்றன.

ஆக்சிஜன் சென்சாரையே எடுத்துக்கொள்ளலாம். பெட்ரோல் முழுமையாக எரிய, எடைக்கணக்கில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு ஏறத்தாழ 14.7 பங்கு காற்று வேண்டும். கட்டைவிரல் பருமனுள்ள இந்தச் சென்சார் புகை வெளியேறும் குழாயில் திருகப்பட்டிருக்கும். எரிந்த புகையில் ஆக்சிஜன் எவ்வளவு எஞ்சியிருக்கிறது என்பதை இது மின்னழுத்தமாகத் தெரிவிக்கிறது. பெட்ரோல் மிகுந்தால் 0.9 வோல்ட்டை நெருங்கும். காற்று மிகுந்தால் 0.1 வோல்ட்டுக்கு இறங்கும். இந்த ஏற்ற இறக்கத்தைப் பார்த்தே என்ஜினின் கணினி ஒவ்வொரு நொடியும் பெட்ரோலின் அளவைத் திருத்துகிறது. ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் தயாரித்த இந்தச் சென்சார், 1976-இல் ஸ்வீடனின் வால்வோ கார்களில் முதன்முதலாகப் பயன்பாட்டுக்கு வந்தது. சென்சார் வாய் மூடிக்கொண்டால் கணினி குருடாகிவிடும். முன்கூட்டியே பதிந்துவைத்த அளவுகளைக் கொண்டு, பெரும்பாலும் பெட்ரோலைச் சற்றுத் தாராளமாகவே ஊற்றும். எரியாத பெட்ரோல் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து அதைப் பாழாக்கும். சிறிய உறுப்பைக் கவனிக்காமல் விட்ட குற்றத்துக்குப் பெரிய உறுப்பு தண்டனை பெறுகிறது. கூடவே தெருவில் நடப்பவரின் நுரையீரலும் பெறுகிறது.

இந்தச் சென்சாரை வீட்டில் மாற்றுவது எவ்வளவு கடினம்? கடினம் கையில் இல்லை, அறிவதில் இருக்கிறது. ஸ்டியரிங்குக்குக் கீழே பதினாறு துளைகள் கொண்ட ஒரு சாக்கெட் இருக்கும். ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும் புளூடூத் கருவி ஒன்றை அதில் செருகினால் செல்பேசித் திரையில் ஒரு குறியீடு தோன்றும். பி0135 என்று வந்தால், முதல் ஆக்சிஜன் சென்சாரின் ஹீட்டர் மின்சுற்றில் கோளாறு என்பது பொருள். சென்சார் செத்துவிட்டது என்று அதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. ஃபியூஸ் போயிருக்கலாம், கனெக்டரில் பாசி பிடித்திருக்கலாம், இந்திய நகரங்களின் வழக்கமான குற்றவாளியான எலி, வயரைக் கடித்திருக்கலாம். குறியீடு என்பது சாட்சியின் வாக்குமூலம். தீர்ப்பு எழுத வேண்டியவர் மனிதர்தான். ஃபியூஸைப் பார்த்து, கனெக்டரைக் கழற்றி, சென்சாரின் ஹீட்டர் வயர்கள் இரண்டுக்கும் இடையே மல்டிமீட்டரை வைத்தால் உண்மை வெளிப்படும். சில ஓம்கள் முதல் பதினைந்து ஓம்கள் வரை காட்டினால் ஹீட்டர் உயிரோடிருக்கிறது. பழுதை வேறிடத்தில் தேட வேண்டும். எதுவுமே காட்டவில்லையென்றால் ஹீட்டரின் கம்பி அறுந்துவிட்டது; அப்போதுதான் புதிய சென்சார் வாங்க வேண்டும்.

இந்தச் சோதனையைத் தாண்டியபின் மீதமிருப்பது பொறுமை மட்டுமே. பேட்டரியின் எதிர்முனையைக் கழற்றிவிட வேண்டும். காருக்கு அடியில் போக வேண்டியிருந்தால் ஜாக்கியை மட்டும் நம்பாமல் உறுதியான தாங்கிகளை வைக்க வேண்டும். பல ஆண்டு வெப்பத்தில் இறுகிய மரையில் துருநீக்கும் எண்ணெயைத் தெளித்துக் காத்திருந்து, என்ஜின் கைபொறுக்கும் சூட்டில் இருக்கும்போது 22 மில்லிமீட்டர் ஸ்பேனரால் கழற்ற வேண்டும். புதியதின் நுனியில் விரலோ எண்ணெயோ படக் கூடாது. சிலிக்கான் பசை சென்சாருக்கு நஞ்சு. முதல் சில சுற்றுகளைக் கையாலேயே திருகினால் மரை கெடாது. கனெக்டரைப் பூட்டி, குறியீட்டை அழித்து, சிறிது தூரம் ஓட்டிவிட்டுத் திரையைப் பார்த்தால், மின்னழுத்தம் மீண்டும் ஏறி இறங்கத் தொடங்கியிருக்கும். இவ்வளவுதான் வேலை. தையல் இயந்திரத்தையும் மிக்ஸியையும் தலைமுறை தலைமுறையாக வீட்டிலேயே பழுதுபார்த்து வந்த சமூகத்துக்கு இது எட்டாத வித்தை இல்லை.

அப்படியிருந்தும் இது ஏன் அரிதாக நிகழ்கிறது? கார் நிறுவனங்கள் தரும் விடை, நவீன என்ஜின் சிக்கலானது, பயிற்சி பெறாதவர் தொடக் கூடாது என்பது. இந்த விடை ஒரு வரலாற்றை மறைக்கிறது. காரின் கணினி தன் கோளாற்றைத் தானே பதிந்துகொள்ளும் ஏற்பாடு நிறுவனங்கள் மனமுவந்து அளித்த வசதி அன்று. புகைமூட்டத்தில் மூச்சுத் திணறிய கலிபோர்னியா, 1988-ஆம் ஆண்டின் மாடல்களிலிருந்து அதைக் கட்டாயமாக்கியது. அதன் இரண்டாம் வடிவம் 1996 மாடல்களிலிருந்து அமெரிக்கா முழுவதற்கும் விதியாயிற்று. இந்தியாவில் பாரத் ஸ்டேஜ் 4 கார்களுக்கு 2010 ஏப்ரலில் முதற்கட்டமும், 2013 ஏப்ரலில் இரண்டாம் கட்டமும் கட்டாயமாயின. அந்தப் பதினாறு துளைகளைத் திறந்தது சட்டம். அந்தச் சட்டத்தைக் கேட்டது மக்களின் மூச்சு. பொது நலனுக்காகப் பிறந்த ஒரு சாக்கெட்டின் மொழியை நிறுவனத்தின் வணிக ரகசியமாக நடத்துவதில் என்ன நியாயம்? பூச்சியத்தில் தொடங்கும் பொதுக் குறியீடுகளை எந்த மலிவான கருவியும் படித்துவிடும். ஒன்றில் தொடங்கும் நிறுவனக் குறியீடுகளுக்கும் வயரிங் வரைபடங்களுக்கும் வரும்போதுதான் கதவு சாத்தப்படுகிறது.

கதவு சாத்தப்பட்டிருக்கிறது என்பது உரிமையாளர்களின் புலம்பல் மட்டும் இல்லை. அது ஓர் அரசு அமைப்பின் தீர்மானமும் ஆகும். 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்கு 2,544 கோடி ரூபாய்க்கும் மேல் அபராதம் விதித்தது. உதிரிபாகங்களையும் பழுதறியும் கருவிகளையும் தொழில்நுட்பக் கையேடுகளையும் வெளிப் பட்டறைகளுக்குக் கிடைக்காமல் செய்து, சந்தை வலிமையைத் தவறாகப் பயன்படுத்தினர் என்பது குற்றச்சாட்டு. வெளிப் பட்டறையில் வேலை பார்த்த ஒரே காரணத்துக்காக உத்தரவாதத்தை ஒட்டுமொத்தமாக ரத்து செய்யும் நிபந்தனை கூடாது என்றும் அந்த ஆணை சொன்னது. பிறகு விவகாரம் மேல்முறையீடுகளுக்குள் போய்விட்டது. 2022 ஜூலையில் நுகர்வோர் விவகாரத் துறை பழுதுபார்க்கும் உரிமைக்கான குழு ஒன்றை அமைத்தது. அது கவனிக்க வேண்டிய நான்கு துறைகளுள் வாகனமும் ஒன்று. அதே ஆண்டு டிசம்பரில் ஓர் இணையதளமும் தொடங்கப்பட்டது. இணையதளம் நல்லதே, ஆனால் அது சட்டத்தின் இடத்தை நிரப்பாது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநில மக்கள் 2012-இல் வாக்களித்து, பழுதறியும் தகவலை வெளிப் பட்டறைகளுக்கும் உரிமையாளர்களுக்கும் நியாயமான விலையில் தருவதைச் சட்டக் கடமையாக்கினர். அங்கே வானம் இடிந்து விழவில்லை.

இதில் உரிமையாளரைவிடவும் அதிகம் இழப்பவர் தெருமுனை மெக்கானிக். கார்புரேட்டர் காலத்தில் என்ஜினின் ஓசையைக் காதால் கேட்டே குறையைக் கண்டறிந்தவர் அவர். மாருதி 800 போன்ற கார்கள் நாட்டின் மூலைமுடுக்கெல்லாம் ஓடியதற்கு அத்தகைய மெக்கானிக்குகளும் முக்கியக் காரணம். டெல்லியின் காஷ்மீரி கேட், கொல்கத்தாவின் மல்லிக் பஜார், சென்னையின் புதுப்பேட்டை ஆகிய சந்தைகள் இந்தக் கைத்திறனைச் சுற்றி வளர்ந்தவை. அவருக்குப் புதியதைக் கற்கும் ஆற்றல் குறைவில்லை. கற்கவேண்டிய கையேடு அவர் கைக்கு வருவதில்லை. தகவல் இல்லாத இடத்தில் ஊகம் புகுகிறது. ஊகத்தால் நல்ல சென்சார் கழற்றப்பட்டு, போலிச் சென்சார் பொருத்தப்பட்டு, உரிமையாளரின் பணமும் மெக்கானிக்கின் பெயரும் ஒருசேரக் கெடுகின்றன. பிறகு அதே கேட்டைச் சுட்டிக்காட்டி, 'பார்த்தீர்களா, வெளியே கொடுத்தால் இப்படித்தான்' என்று சொல்லப்படுகிறது. கதவைச் சாத்தியவரே இருட்டைப் பழிக்கும் கதை இது.

பழைய கார்களைப் பற்றிய அரசின் கொள்கை இந்தச் சிக்கலைத் தொடாமல் சுற்றிப் போகிறது. டெல்லி வட்டாரத்தில் பத்தாண்டு கடந்த டீசல் வாகனங்களுக்கும் பதினைந்தாண்டு கடந்த பெட்ரோல் வாகனங்களுக்கும் விதிக்கப்பட்ட தடையை 2018-இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. 2025 ஜூலை 1 முதல் அத்தகைய வாகனங்களுக்கு டெல்லியில் எரிபொருளே மறுக்கப்பட்டு, சில நாள்களிலேயே அந்த நடவடிக்கை நிறுத்திவைக்கப்பட்டது. பிற இடங்களில், பதினைந்தாண்டு கடந்த காரின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாயிற்று. இருபதாண்டு கடந்தவற்றுக்கு 2025-இல் 10,000 ரூபாயாயிற்று. இவை யாவும் காரின் பிறந்த ஆண்டைக் கேட்கின்றன. அதன் உடல்நிலையைக் கேட்பதில்லை. பாரத் ஸ்டேஜ் 2 காரில் எந்தச் சென்சாரை மாற்றினாலும் அது பாரத் ஸ்டேஜ் 6 ஆகிவிடாது என்பது உண்மை. ஆனால் சென்சார் செத்துப்போன ஐந்தாண்டுக் கார், நன்கு பேணப்பட்ட பதின்மூன்றாண்டுக் காரைவிட அதிகமாகக் காற்றைக் கெடுக்கக்கூடும் என்பதும் உண்மையே. பெட்ரோல் கார்களுக்கான புகைச் சான்றில் கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரோகார்பனும் அளக்கப்படுகின்றன. நைட்ரஜன் ஆக்சைடுகள் அளக்கப்படுவதில்லை. வண்டிக்குள்ளேயே ஒரு சாட்சி காத்திருக்கையில், வயதை மட்டும் பார்த்துத் தீர்ப்பு எழுதுவது எளிது. அதனால் அது நேர்மையாகிவிடாது.

மறுப்புகளையும் கேட்க வேண்டும். ஏர்பேக்கையும் பிரேக்கின் மின்னணுப் பகுதியையும் வீட்டில் தொடுவது ஆபத்து. சாவிக் குறியீடுகளைத் திறந்துவிட்டால் திருடருக்கு உதவும். இரண்டும் நியாயமான அச்சங்கள். ஆகவே அவற்றுக்குத் தனி வரம்பு வைக்கலாம். அந்த அச்சத்தைக் காட்டி ஆக்சிஜன் சென்சாரின் வயரிங் வரைபடத்தையும் பூட்டிவைப்பதற்குக் காரணம் இல்லை. கூர்மையான மறுப்பு மற்றொன்று: உரிமை கொடுத்தால் சிலர் சென்சாரை மாற்றமாட்டார்கள், கணினியை ஏமாற்றும் துண்டு ஒன்றைப் பொருத்தி விளக்கை மட்டும் அணைத்துவிடுவார்கள். அத்தகையோர் இப்போதும் இருக்கிறார்கள். தகவல் பூட்டியிருப்பது அவர்களைத் தடுக்கவில்லை. நேர்மையாகப் பழுதுபார்க்க விரும்புபவரைத்தான் அது தடுக்கிறது. ஏமாற்றுபவரைப் பிடிக்கும் வழி ஆய்வில் இருக்கிறது, இருட்டடிப்பில் இல்லை.

செய்ய வேண்டியவை மூன்று. புகைக் கட்டுப்பாட்டோடு தொடர்புடைய எல்லாக் குறியீடுகளின் பொருளும், சோதனை அளவுகளும், வயரிங் வரைபடங்களும் இலவசமாகவோ நியாயமான கட்டணத்திலோ பொதுவில் கிடைக்க வேண்டும். இந்திய மொழிகளிலும் கிடைக்க வேண்டும். பல கார் நிறுவனங்கள் சென்சாரைத் தாமே செய்வதில்லை, உறுப்புத் தயாரிப்பாளரிடமிருந்து வாங்குகின்றன. ஆகவே எந்த மாடலுக்கு எந்த உறுப்பு என்ற பட்டியலை வெளியிட்டு, அசல் உறுப்பு எவருக்கும் கடையில் கிடைக்கும்படி செய்ய வேண்டும். மூன்றாவதாக, புகைச் சான்று மையம் புகையோடு பழுது நினைவகத்தையும் படித்து, அங்கே பதிந்திருக்கும் குறியீட்டை உரிமையாளரிடம் எழுதிக் கொடுக்க வேண்டும். சான்று மறுக்கப்படுபவருக்கு, எதைச் சரிசெய்ய வேண்டும் என்பதும் தெரிய வேண்டும்.

காரை வாங்கியவர் இரும்பையும் ரப்பரையும் மட்டும் வாங்கவில்லை. அது தன்னைப் பற்றிச் சொல்லும் செய்தியையும் சேர்த்தே வாங்கியிருக்கிறார். அந்தச் செய்தியைப் படித்துத் தம் கையாலோ, நம்பிக்கைக்குரிய மெக்கானிக்கின் கையாலோ குறையைத் தீர்க்க அவரை அனுமதிக்காத நாடு, பழைய கார்கள் காற்றைக் கெடுக்கின்றன என்று அவர்மீது மட்டும் குற்றம் சுமத்த முடியாது.