கைக்குட்டையா கொன்றது?

'ஒத்தெல்லோ' நாடகத்தை, ஒரு கைக்குட்டைக்கு இத்தனை ஆரவாரமா என 1693-இல் எள்ளினார் தாமஸ் ரைமர். இன்றும் அவ்வாறு கூறுவோர் உளர். மூன்றாம் அங்கத்தின் மூன்றாம் காட்சியை அவர்கள் ஊன்றிப் படிக்கட்டும்.

இயாகோ தொடக்கத்தில் குற்றம் சாட்டினானா? இல்லை. வினவினான், தயங்கினான், பொறாமை கொள்ளாதீர் என எச்சரிக்கவும் செய்தான்! எஞ்சியதைத் தளபதியின் மனமே இட்டு நிரப்பியது. வெனிஸ் மகளிரின் இயல்பைத் தான் நன்கறிவதாக அவன் சொன்ன சொல்லே கொடிய நஞ்சு. அந்நகருக்கு அயலானாகிய ஒத்தெல்லோ, தான் கண்ட மனைவியை விட்டு, ஊரான் சொன்ன மனைவியை நம்பினான். டெஸ்டிமோனா எதிரே வந்து நின்றபோதும் ஒன்றும் கேளாமல், தலைவலி என மழுப்பினான். கைக்குட்டை நழுவியது அதன் பின்னரே.

கொன்றது, கேளாமல் விழுங்கிய அவ்வினாவே. பிற மண்ணில் வாழ்வோர் இக்காட்சியை இருமுறை படித்தல் நன்று.