கடன் தீர்வு நிறுவனங்களுக்கு உரிமம்: சங்கத்தின் நிலைப்பாடு

கடன் தீர்வு நிறுவனம் ஒன்று நம் மாவட்டக் கூட்டத்தின் வாசலிலேயே மேசை போட்டு உறுப்பினர்களிடம் படிவம் வாங்கிய விவகாரம் எல்லோரும் அறிந்ததே. அதை அனுமதித்தவர் யார் என்பதை விசாரணைக் குழு பார்த்துக்கொள்ளும். இந்த நிறுவனங்களைத் தடை செய்யக் கோருவதா, உரிமத்துக்குள் கொண்டுவரக் கோருவதா என்ற கேள்வியை இனியும் தள்ளிப்போட முடியாது என்பதால் செயற்குழு இந்த அறிக்கையை வெளியிடுகிறது.

முழுத் தடையே வேண்டும் என்று செயற்குழுவில் கணிசமானோர் வாதாடினர். நீண்ட விவாதத்துக்குப் பிறகு, உரிம முறையைச் சில நிபந்தனைகளுடன் இப்போதைக்கு ஆதரிப்பது என முடிவாகியுள்ளது. முதல் நிபந்தனையில் மட்டும் விட்டுக்கொடுக்க இடமில்லை. கடன் தீர்ந்ததாக வங்கி தரும் கடிதம் கைக்கு வரும்வரை, கடன் வாங்கியவரிடம் ஒரு ரூபாய்கூடக் கட்டணம் வாங்கக் கூடாது.

இந்தத் தொழில் நடக்கும் விதத்தை நம்மிடம் வந்த புகார்களில் பார்த்துவிட்டோம். முதலில் தவணையை நிறுத்தச் சொல்கிறார்கள். 90 நாள் தாண்டினால் கணக்கு வாராக்கடனாகும், அதன்பிறகு வங்கி இறங்கிவரும் என்பது அவர்கள் போடும் கணக்கு. தவணை நின்றாலும் அவர்களுக்கான மாதச் சந்தா நிற்காது. அசல் அப்படியே இருக்க, வட்டியும் அபராதக் கட்டணமும் ஏறும். தானியங்கித் தவணை பணமில்லாமல் திரும்பினால் 2007-ஆம் ஆண்டின் பணம் செலுத்துகை, தீர்வு முறைமைகள் சட்டத்தின் 25-ஆவது பிரிவின்படி குற்ற வழக்கே தொடுக்கலாம். புகார் தந்த எவரிடமும் இதைச் சொல்லியிருக்கவில்லை.

தையல் வேலை செய்யும் உறுப்பினர் ஒருவர் செல்பேசியில் வந்த ஒப்பந்தத்தைக் காட்டினார். முழுக்க ஆங்கிலம். ஓ.டி.பி. எண்ணைச் சொன்னதுமே கையெழுத்துப் போட்டதாக ஆகிவிட்டது. கட்டிய சந்தா எக்காரணம் கொண்டும் திரும்ப வராது என்ற வரி கடைசிப் பக்கத்தில், பொடி எழுத்தில். வாங்கிய காசுக்கு நிறுவனம் செய்த வேலை என்று அவர் காட்ட முடிந்தது, வங்கிக்குப் போன ஒரேயொரு மின்னஞ்சல். அதை நம் அலுவலகத்தில் உட்கார்ந்து அவரே காசில்லாமல் அனுப்பியிருக்கலாம். சமரசத் தீர்வுக்கென இயக்குநர் குழு ஒப்புதல் பெற்ற கொள்கையை வங்கிகள் வைத்திருக்க வேண்டும் என்று 2023 ஜூன் 8-ஆம் தேதிச் சுற்றறிக்கையில் ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. வங்கியிடம் நேரில் போய்க் கேட்க இடைத்தரகர் எதற்கு? ரிசர்வ் வங்கிக் குறைதீர்ப்பாளரிடம் புகார் கொடுக்கவும் கட்டணம் கிடையாது. மூழ்குகிறவன் மடியில் இருக்கும் கடைசிக் காசையும் பிடுங்கிக்கொண்டு, அதற்குச் சேவைக் கட்டணம் என்று ரசீது போடுவதை இந்தச் சங்கம் பொறுத்துக்கொள்ளாது.

கடன் தீரும்முன் கட்டணம் கூடாது என்பது நடக்காத கோரிக்கையும் அல்ல. தொலைபேசி வழியே கடன் நிவாரணம் விற்பவர்கள் முன்கட்டணம் வாங்குவதை அமெரிக்கக் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் 2010-லேயே தடை செய்துவிட்டது. நம் மாநிலத்தில் அடகுக்கடை வைக்க 1943-ஆம் ஆண்டுச் சட்டப்படியும், வட்டிக்கு விட 1957-ஆம் ஆண்டுச் சட்டப்படியும் உரிமம் வேண்டும். கடனைத் தீர்த்துத் தருகிறேன் என்று பலகை மாட்ட எந்த உரிமமும் வேண்டியதில்லை. கட்டாய வசூலுக்கு எதிராக 2025-இல் சட்டமன்றம் இயற்றிய சட்டமும் கடன் கொடுப்பவர் பக்கத்தையே பார்க்கிறது.

உரிமம் தர வேண்டியது மாநில அரசா, ரிசர்வ் வங்கியா என்பதில் ஒருமித்த கருத்து எட்டப்படவில்லை. வட்டித் தொழில் மாநிலப் பட்டியலில் உள்ளதால் தமிழ்நாடு அரசு முதலில் நகர்வது பொருத்தமாக இருக்கும் என்பது பெரும்பான்மைக் கருத்து.

உரிமம் யார் தந்தாலும் மற்ற நிபந்தனைகள் இவை: ஒப்பந்தம் தமிழில் இருக்க வேண்டும். 'செட்டில்ட்' என்ற பதிவு கடன் அறிக்கையில் ஏறும் என்பதை முன்கூட்டியே எழுத்தில் தர வேண்டும். வாடிக்கையாளரின் சேமிப்பை நிறுவனம் தன் கணக்கில் வைத்திருக்கக் கூடாது.

ஒன்றிய அரசுக்கும் ஒரு கேள்வி உண்டு. 2016-ஆம் ஆண்டின் நொடிப்பு மற்றும் திவால் சட்டத்தில், ஆண்டு வருமானம் 60,000 ரூபாய்க்கும் கடன் 35,000 ரூபாய்க்கும் மிகாத ஏழைகள் கடனிலிருந்து விடுபட வழி எழுதப்பட்டிருக்கிறது. அந்தப் பகுதியை இன்னும் ஏன் நடைமுறைக்குக் கொண்டுவரவில்லை? சட்டம் திறக்காத கதவுக்கு முன்னால்தான் இவர்கள் கடை போட்டிருக்கிறார்கள்.

உரிமச் சட்டம் வரும்வரை எந்தக் கிளையும் இந்நிறுவனங்களுக்குக் கூட்டத்தில் இடமோ, உறுப்பினர் பட்டியலோ தரக் கூடாது. நன்கொடையும் வாங்கக் கூடாது. ஏற்கெனவே ஒப்பந்தம் போட்டவர்கள் அதன் நகலையும் வங்கிக் கணக்கு விவரத்தையும் எடுத்துக்கொண்டு கிளைச் செயலாளரைப் பாருங்கள். வங்கிக்கு எழுத வேண்டிய கடிதத்தை அவரே எழுதித் தருவார்.