கணப்புக்கு மேலே கடை எதற்கு?

கிறிஸ்துமஸ் நெருங்கினால் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் பல வீடுகளில் ஒரே யோசனைதான்.

"இந்த ஆண்டு கணப்புக்கு மேலே என்ன வைப்பது?"

ஒரு பலகையை அலங்கரிக்க இவ்வளவு யோசனையா என்று கேட்காதீர்கள். அந்தப் பலகைக்குப் பெரிய கதை இருக்கிறது.

அது என்ன பலகை?

அவை குளிர் நாடுகள். டிசம்பர் மாதத்தில் மாலை நாலு மணிக்கே லண்டனில் இருட்டத் தொடங்கி விடும். குளிர் எலும்பைத் துளைக்கும். ஆகவே, கூடத்துச் சுவரிலே ஒரு மாடம் போல் அமைத்து அதில் நெருப்பு மூட்டினார்கள். புகை வெளியேறப் புகைபோக்கி வைத்தார்கள். அதுதான் கணப்பு.

ஊட்டியிலும் கொடைக்கானலிலும் வெள்ளைக்காரர்கள் கட்டிய பழைய பங்களாக்களில் இதை நீங்கள் பார்த்து இருக்கலாம்.

கணப்பின் மேலே, சுவரோடு சேர்த்து ஒரு பலகை இருக்கும். கல்லாலும் செய்வார்கள். இதற்கு 'மேண்டல்' என்று பெயர். நாம் 'கணப்புப் பலகை' என்று சொல்வோம்.

குளிர்ந்த வீட்டில் சூடான இடம் அது ஒன்றுதான். தாத்தா அங்கே நாற்காலியைப் போடுவார். குழந்தைகள் தரையில் உட்காருவார்கள். எல்லோருடைய கண்ணும் படுகிற இடம் அது. அதனால் வீட்டுக்கு அருமையான பொருள் எல்லாம் அந்தப் பலகைக்கு ஏறியது.

மூன்று பெண்களின் கதை

கணப்பிலே காலுறை தொங்க விடுகிறார்களே, ஏன்?

இன்றைய துருக்கி நாட்டில் மைரா என்ற ஊர் இருந்தது. 4-ம் நூற்றாண்டில் நிக்கலஸ் என்பவர் அங்கே ஆயராக இருந்தார். அவரைப் பற்றி ஒரு கதை சொல்வார்கள்.

ஓர் ஏழைத் தகப்பனுக்கு மூன்று பெண்கள். சீதனம் கொடுக்க வழி இல்லை. கல்யாணம் நின்று போயிற்று. இதை அறிந்த நிக்கலஸ், யாருக்கும் தெரியாமல் இரவிலே வந்தார். ஜன்னல் வழியாகப் பொன் முடிப்பை வீசி விட்டுப் போய் விட்டார். பெண்களுக்குக் கல்யாணம் நடந்தது.

பின்னால் வந்தவர்கள், "புகைபோக்கி வழியாகப் போட்டார். காய வைத்திருந்த காலுறையிலே பொன் விழுந்தது" என்று கதையை வளர்த்தார்கள். 1823-ம் ஆண்டு அமெரிக்காவில் டிராய் நகரப் பத்திரிகை ஒன்றில், பெயர் போடாமல் ஒரு பாட்டு வெளிவந்தது. நிக்கலஸ் புகைபோக்கியில் இறங்கி வந்து காலுறைகளை நிரப்புவதாக அதில் வருகிறது. அந்தப் பாட்டு நாடெங்கும் பரவியது.

கதை மெய்யோ, பொய்யோ; கருத்து என்ன? கொடுத்தவர் பெயர் சொல்லவில்லை. ஏழை வீட்டில் விளக்கு எரிந்தது. காலுறையின் பெருமை அதுதான்!

ஒரு பென்னியும் ஒரு ஷில்லிங்கும்

காலுறைக்கு அடுத்தபடி பலகையில் இடம் பிடித்தது வாழ்த்து அட்டை.

1840-ம் ஆண்டில் பிரிட்டனில் தபால் கட்டணம் குறைந்தது. ஒரு பென்னி கொடுத்தால் அந்த நாட்டின் எந்த மூலைக்கும் கடிதம் போகும். கடிதங்கள் குவிந்தன.

ஹென்றி கோல் என்பவருக்கு நண்பர்கள் அதிகம். எல்லோருக்கும் கைப்பட எழுத நேரம் இல்லை. 1843-ம் ஆண்டில் ஹார்ஸ்லி என்ற ஓவியரைக் கொண்டு ஒரு படம் வரையச் செய்து அச்சடித்தார். அச்சிட்டு விற்பனைக்கு வந்த முதல் கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டை அதுதான். விலை ஒரு ஷில்லிங். அதாவது 12 பென்னி. 12 கடிதம் அனுப்பும் செலவு!

அந்த அட்டையின் நடுவிலே ஒரு குடும்பம் கூடி விருந்து உண்ணுகிறது. இரண்டு பக்கத்திலும் என்ன படம் தெரியுமா? ஒரு பக்கம் ஏழைகளுக்குச் சோறு கொடுக்கிறார்கள். மறு பக்கம் உடை கொடுக்கிறார்கள்.

பிறகு அட்டை விலை இறங்கியது. ஏழைகளும் அனுப்பினார்கள். தூரத்தில் இருக்கும் அண்ணன், கடல் கடந்து போன மகன், எல்லோருடைய வாழ்த்தும் கணப்புப் பலகையில் வரிசையாக நின்றது. வர முடியாதவர்களும் வீட்டிலே இருப்பது போல் இருந்தது.

கொன்ற புகை

ஆனால், சூடு கொடுத்த அந்த நெருப்பே ஒரு நாள் எமன் ஆயிற்று.

1952-ம் ஆண்டு டிசம்பர் 5-ந் தேதி. லண்டனில் கடுங்குளிர். காற்று அசையவில்லை. வீட்டுக் கணப்புகளும், ஆலைகளும், மின்சார நிலையங்களும் கக்கிய நிலக்கரிப் புகை மேலே போக வழி இன்றி ஊருக்குள்ளே தங்கி விட்டது. 5 நாள் இப்படி இருந்தது. மூச்சுத் திணறி மாண்டவர்கள் 4,000 பேர் என்று அப்பொழுது கணக்கிட்டார்கள். 12,000 வரை இருக்கலாம் என்று பின்னால் வந்த ஆராய்ச்சியாளர்கள் சொன்னார்கள்.

1956-ம் ஆண்டில் தூய காற்றுச் சட்டம் வந்தது. புகை கக்கும் நிலக்கரிக்குப் பல பகுதிகளில் தடை விழுந்தது. வாயு அடுப்பும் மின்சார அடுப்பும் வந்தன. எத்தனையோ வீடுகளில் கணப்பு அணைந்தது.

நெருப்புப் போயிற்று. பலகை நின்றது!

இப்போது நடப்பது என்ன?

இன்று அந்தப் பலகையைக் கடைச் சரக்கு பிடித்துக் கொண்டது. இந்த ஆண்டு வெள்ளி நிறம் என்றால் எல்லாம் வெள்ளி நிறம். அடுத்த ஆண்டு சிவப்பு என்றால் பழையது குப்பைக்கு. காலுறையிலே பெயர் இல்லை. உள்ளே ஒன்றும் இல்லை. வெறும் அழகுக்குத் தொங்குகிறது.

குழந்தை கையை நீட்டினால், "தொடாதே!" என்று ஓர் அதட்டல்.

குழந்தைக்காகத் தோன்றிய வழக்கம் அல்லவா இது? அதைக் குழந்தை தொடக் கூடாது என்றால் அது வீடா? கடையா?

"அழகாக வைத்தால் என்ன தவறு?" என்று கேட்பார்கள். அழகு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பார்க்க வருகிறவர்களுக்காக ஓர் அலங்காரம்; வீட்டில் இருப்பவர்களுக்கு ஓர் அதட்டல் என்பதுதான் தவறு.

ஆபத்தும் உண்டு

இன்னமும் நெருப்பு மூட்டும் வீடுகள் இருக்கின்றன. அங்கே இந்த ஆடம்பரம் உயிருக்கே உலை வைக்கும்.

சூடான காற்று மேலே எழும்பும். பலகையில் சுற்றிய பைன் தழை மாலை சீக்கிரம் காய்ந்து சருகாகி விடும். பைன் மரத்தில் பிசின் உண்டு. ஒரு பொறி பட்டால் போதும். அதன் பக்கத்திலே மெழுகுவர்த்தியும் ஏற்றி வைத்தால் கேட்க வேண்டுமா?

தீப்பற்றும் எந்தப் பொருளும் நெருப்புக்கு 3 அடி தள்ளியே இருக்க வேண்டும் என்று அமெரிக்கத் தீத்தடுப்பு நிபுணர்கள் சொல்கிறார்கள். ஆகவே, நெருப்பு மூட்டும் நேரத்தில் காலுறைகளைக் கழற்றி விட வேண்டும். மெழுகுவர்த்திக்குப் பதில் பேட்டரி விளக்கு வைக்கலாம்.

சிலர் அலங்காரம் கெடும் என்று பண்டிகை நாளிலே கணப்பை மூட்டுவதே இல்லை. பாத்திரம் அடுக்க இடம் வேண்டும் என்று அடுப்பை அணைத்த கதைதான் இது!

என்ன வைக்கலாம்?

என் யோசனை எளியது.

முதலில், வந்த வாழ்த்து அட்டைகளை வையுங்கள். ஓர் அட்டை எழுதவும் செய்யுங்கள். அது இன்னொருவர் பலகையில் நிற்கும்.

இரண்டாவது, இறந்து போன பாட்டியின் படத்தை வையுங்கள். கிறிஸ்துமஸ் அன்று அவளும் அங்கே இருக்கட்டும்.

மூன்றாவது, குழந்தை செய்த காகித நட்சத்திரத்தை நடுவிலே வையுங்கள். கோணலாக இருந்தால் இருக்கட்டும்.

நாலாவது, வீட்டில் எத்தனை பேரோ அத்தனை காலுறை. ஒவ்வொன்றிலும் பெயர். கூடுதலாக ஒன்று. அது பக்கத்து வீட்டு ஏழைப் பிள்ளைக்கு. கொடுத்தவர் பெயர் சொல்ல வேண்டாம். நிக்கலஸ் சொன்னாரா?

ஜனவரி 5 அல்லது 6-ந் தேதி அலங்காரத்தைக் கலைப்பது அங்கே வழக்கம். கடையில் வாங்கிய மணிகளைப் பெட்டியில் போட்டு மூடி விடுவார்கள். அட்டையையும் காகித நட்சத்திரத்தையும் தாய் எடுத்துப் பத்திரப்படுத்துவாள்.

அவள் எதைப் பத்திரப்படுத்துகிறாளோ, அதைத்தான் பலகையிலே வைக்க வேண்டும்.